ரேடியேட்டர் மாட்டிய குளிர்காலம்

நான் டென்மார்க்குக்கு வரும்வரை எனக்குத் தெரிந்த ரேடியேட்டர் ஒன்றே ஒன்றுதான். அது லொறியின் முன்பக்கத்தில் இருக்கும். உள்ளே தண்ணீர் ஊற்ற வேண்டும். கொதித்துக்கொண்டிருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது. ஆகவே ஒரு செப்டெம்பர் மாலை எங்கள் வீட்டுக்காரர் படியேறி வந்து, வீட்டுக்கு ரேடியேட்டர் போடப் போகிறேன், மேல்மாடிக்கு எப்படியானது வேண்டும் என்று கேட்டபோது நான் கணவரைப் பார்த்தேன். கணவர் தலையாட்டினார். அவருக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். வீட்டுக்காரர் இறங்கிப் போனபின் கேட்டேன்.

"என்னவாம்?"

"வீட்டுக்கு ரேடியேட்டர் போடப் போறாராம்."

"அது எனக்கும் கேட்டது. ஏனாம்?"

"தெரியேல்லை. ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

எண்பதுகளின் நடுப்பகுதி அது. இக்காஸ்ட் என்ற சிறு நகரத்தின் ஓரத்தில், செங்கல்லால் கட்டிய பழைய வீடொன்றின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். ஒரு முன்னறை, ஒரு படுக்கையறை, சமைப்பதற்கு, இரண்டு பேர் ஒரே நேரத்தில் திரும்ப முடியாத ஒரு குசினி. கணவர் எனக்கு ஒரு வருடம் முன்பே வந்து பின்னலாடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ஒரு கிழமை காலை வேலை, மறு கிழமை பின்னேர வேலை. நான் காலையில் மொழிப் பள்ளிக்குப் போவேன். மதியம் திரும்பி வந்தால் பெரும்பாலும் தனியேதான்.

கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர் இருந்தார். வயது ஐம்பத்தெட்டு. கல்யாணம் செய்யாதவர். முப்பது வருடம் சைக்கிளில் தபால் கொண்டு திரிந்து, ஒரு முழங்கால் பழுதானதால் வேளைக்கே ஓய்வு பெற்றவர். நாங்கள் குடிவந்த முதல் வாரம் குளிரைப் பற்றி நான் ஏதோ சொல்லப்போக, "குளிர் என்று ஒன்று இல்லை. பிழையான உடுப்பு என்று ஒன்றுதான் இருக்கிறது" என்றார். அந்த நாட்டில் எல்லோரும் அதையே சொல்வார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. என்னுடைய சேலையைத்தான் சொல்கிறார் என்று நினைத்து இரண்டு நாள் கீழே இறங்கவில்லை.

அவருடன் பேசுவதில் எனக்கு இன்னொரு கஷ்டமும் இருந்தது. டெனிஷில் எல்லோரையும் 'நீ' என்றுதான் சொல்ல வேண்டும் என்று பள்ளியில் படிப்பித்தார்கள். தகப்பன் வயதுள்ள ஒருவரை நீ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் அவரிடம் பேசும்போது அந்தச் சொல்லையே விட்டுவிடுவேன். 'கோப்பி வேண்டுமா?' என்பது தமிழில் முழுக் கேள்வி. டெனிஷில் அது யாரைக் கேட்கிறது என்று தெரியாத கேள்வி. அவர் சில வேளை திரும்பி, தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்ப்பார்.

அதுவரை இரண்டு தளங்களிலும் ஒவ்வொரு மண்ணெண்ணெய் அடுப்பு இருந்தது. சமைக்கிற அடுப்பு அல்ல. இடுப்பளவு உயரமான இரும்புப் பெட்டி, பின்னால் புகைபோக்கி. அறையைச் சூடாக்குவது மட்டுமே அதன் வேலை. தோட்டத்துக் கொட்டிலில் இருந்த பீப்பாயிலிருந்து ஒரு தகரக் கானில் எண்ணெய் பிடித்து, படியேற்றிக் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். சாதாரண நாளில் ஒரு கான், கடுங்குளிரில் இரண்டு. என் தலைமயிர் மண்ணெண்ணெய் மணக்கும். மொழிப் பள்ளியில் எனக்குப் பக்கத்தில் இருந்த வியட்நாமியப் பெண், நான் எண்ணெய் விற்கிற இடத்தில் வேலை செய்கிறேன் என்று வெகுநாள் நம்பியிருந்தாள்.

ரேடியேட்டர் என்றால் என்னவென்று கணவர் மறுநாள் தொழிற்சாலையில் கேட்டு அறிந்துகொண்டு வந்தார். நகரத்தில் ஓரிடத்தில் பெரிய கொதிகலன் வைத்துத் தண்ணீரைச் சூடாக்குகிறார்கள். அது நிலத்துக்கடியில் குழாய்வழியே வீடுவீடாகப் போகிறது. வீட்டுக்குள்ளே சுவரில் மாட்டிய இரும்புத் தட்டுகளுக்குள் ஓடி, சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகிறது. அதற்கு டெனிஷில் 'தூரச்சூடு' என்ற பொருள்படும் ஒரு சொல். இப்போது எங்கள் தெருவுக்கும் அது வரப்போகிறது.

"வாற வழியிலை ஆறிப்போகாதோ?" என்று கேட்டேன்.

"நானும் அதைத்தான் கேட்டனான். அவங்கள் சிரிச்சவங்கள்."

"ஏன் சிரிச்சவங்கள்?"

"அதுதான் விளங்கேல்லை."

ரேடியேட்டர் தெரிவு செய்வதற்காக வீட்டுக்காரர் எங்களைக் கீழே கோப்பிக்கு அழைத்தார். ஒரு கிழமைக்கு முன்பே சொல்லி வைத்தார்: ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணி. கணவர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டார். மேசையில் கோப்பியும், எண்ணி வைத்ததுபோல் ஆறு பிஸ்கட்டும், நடுவில் ஒரு விலைப்பட்டியல் புத்தகமும் இருந்தன. புத்தகம் முழுக்க வெள்ளை நிறத் தட்டுகளின் படம். எல்லாம் எனக்கு ஒன்றுபோலவே தெரிந்தன. கணவர் அப்படி விடவில்லை. அவருக்கு அப்போது தெரிந்த டெனிஷ் தொழிற்சாலை டெனிஷ். இயந்திரம், நூல், அறுந்துவிட்டது, நிறுத்து, ஓய்வு நேரம். அந்தச் சொற்களை வைத்துக்கொண்டே அவர் முக்கால் மணி நேரம் ரேடியேட்டர் பற்றிப் பேசினார். வீட்டுக்காரரும் தலையாட்டிக் கேட்டார்.

வீட்டுக்காரர் தனக்கு வேறு ஏற்பாடு செய்திருந்தார். இடிக்கப்போகிற ஒரு பழைய பள்ளிக்கூடத்தில் வார்ப்பிரும்பு ரேடியேட்டர்கள் கழற்றி வைத்திருந்தார்கள். விலா எலும்புபோல வரிவரியாக, ஒவ்வொன்றும் நாலு பேர் தூக்கும் பாரம். தன் தளத்துக்கு அவைதான் என்றார். "இரும்பு என்றால் இரும்பாக இருக்க வேண்டும்." எங்களுக்குப் புதிய தட்டு வகை. மேல்மாடித் தரை பழைய இரும்பைத் தாங்காது என்பது காரணம். அதில் ஒற்றைத் தட்டும் உண்டு, இரட்டைத் தட்டும் உண்டு. எது வேண்டும்?

"எது பெரிது?" என்று நான் கேட்டேன். அன்று நான் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

அடுத்த கிழமை 'ஸ்மெத்' வந்தார். அந்தப் பக்கத்தில் குழாய் வேலை செய்பவரை அப்படித்தான் சொல்வார்கள். என் அகராதியில் ஸ்மெத் என்றால் கொல்லன் என்று இருந்தது. சம்மட்டியோடு ஒருவரை எதிர்பார்த்துக் கதவைத் திறந்தேன். வந்தவர் ஒரு பென்சிலும் மடக்கு அளவுகோலும் வைத்திருந்தார். அவருக்குப் பின்னால் வீட்டுக்காரரும் ஏறி வந்தார். ஜன்னலை அளந்தார், சுவரை அளந்தார், கூரையைப் பார்த்தார், ஒரு தாளில் பெருக்கிக் கூட்டினார். ரேடியேட்டர் ஜன்னலுக்குக் கீழே வரும் என்றார்.

"குளிர் வருகிற இடத்தில் ஏன்?" என்று கேட்டேன்.

"குளிர் வருகிறபடியால்தான்."

கணவர் எனக்குப் பக்கத்தில் நின்று, "ஓம், அது சரிதான்" என்றார்.

"எப்பிடிச் சரி?"

"அவர் சொல்லுறாரல்லோ."

முன்னறைக்கு ஒற்றைத் தட்டு போதும் என்றார் ஸ்மெத். நான் இரட்டைத் தட்டைக் காட்டினேன், அதிலும் நீளமானதை. அவர் தாளை என் பக்கம் திருப்பி, அதைப் போட்டால் இந்த அறை இருபத்தைந்து டிகிரிக்குப் போகும் என்று சொன்னார்.

"ஆம்" என்றேன்.

எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து அவர் மெதுவாக, உரத்து, ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னார். "இருபத்தைந்து. டிகிரி."

"ஆம். நன்றி."

அவரும் வீட்டுக்காரரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு அதன்மேல் ஈரத் துணி விரிக்கலாமா என்று கேட்க நினைத்தேன். வாயில் வந்தது, 'துணிகள் இதன்மேல் படுக்கலாமா?' என்பதுபோல் இருந்திருக்க வேண்டும். ஸ்மெத் சிரிக்காமல் யோசித்து, "படுக்கலாம். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் வேண்டாம்" என்றார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. கடைசியில் முன்னறைக்கு இரட்டைத் தட்டு, படுக்கையறைக்கு ஒற்றை என்று முடிவாயிற்று. படுக்கையறையைச் சூடாக்குவது உடம்புக்குக் கூடாது என்று வீட்டுக்காரர் சொன்னார். இருவருமாக ஒரு அறையில் என்னை வெல்ல விட்டார்கள். மற்றதில் நானும் விட்டுக்கொடுத்தேன்.

டிசெம்பரில் தட்டுகளைச் சுவரில் மாட்டினார்கள். குழாய்கள் கீழிருந்து ஏறுவதற்காக, எங்கள் தரையில் ஜன்னலோரமாகத் துளை போட்டார்கள். அது நேரே வீட்டுக்காரரின் கூரைக்குள் இறங்கியது. தெருவில் இணைப்பு வந்ததும் ஒரே மூச்சில் குழாய் பொருத்திவிடலாம் என்று ஸ்மெத் துளைகளை அப்படியே விட்டுவிட்டுப் போனார். நத்தார் பண்டிகை கழிந்து ஜனவரி முதல் வாரத்தில் வீட்டுக்காரருக்குக் கடிதம் வந்தது: அடுத்த கிழமை உங்கள் வீட்டுக்கு இணைப்பு.

அவர் முறைப்படி நடப்பவர். கடிதம் வந்த மறுநாளே பழைய இரும்பு வாங்குகிறவரை அழைத்து, தன் அடுப்பைக் கழற்றிக் கொடுத்து, புகைபோக்கித் துளையைச் செங்கல் வைத்துப் பூசிவிட்டார். பிறகு இருவருமாக எங்கள் அடுப்பை எடுக்க மேலே வந்தார்கள். நான் அடுப்புக்கு முன்னால் போய் நின்றேன்.

"வேண்டாம்" என்றேன். அன்று என்னிடமிருந்த டெனிஷில் அது ஒன்றுதான் பிழையில்லாத சொல்.

"அடுத்த கிழமை சூடு வருகிறது. கடிதம் வந்திருக்கிறது" என்றார் வீட்டுக்காரர்.

"கடிதம் சூடில்லை."

கடிதம் வந்தால் போதாது, சூடும் வரட்டும், அதன்பிறகு கொண்டுபோகலாம் என்று மரியாதையாகச் சொல்லத்தான் நினைத்தேன். அவ்வளவுக்குச் சொல் இருக்கவில்லை. முப்பது வருடம் கடிதம் சுமந்தவரின் முகம் ஒருமாதிரிப் போயிற்று. பழைய இரும்புக்காரர் கையுறையைப் போட்டார், கழற்றினார், திரும்பவும் போட்டார். கடைசியில் இருவரும் இறங்கிப் போனார்கள்.

கணவர் வேலையால் வந்ததும் சொன்னேன். அவருக்குப் பயம் பிடித்துவிட்டது.

"வீட்டுக்காரரோடை மல்லுக்கட்டாதேயும். எங்களை எழுப்பிவிட்டால் எங்கை போறது?"

"எழுப்பினால் அடுப்பையும் கொண்டு போவம்."

"அது அவரின்ரை அடுப்பு."

"தெரியும்."

அந்த வாரக் கடைசியில் குளிர் இறங்கியது. அதுவரை நான் பார்த்தது குளிர் அல்ல என்று அப்போது விளங்கியது. தெருவில் குழாய்க்கு வெட்டிய கிடங்கு எங்களுக்கு மூன்று வீடு தள்ளி வந்திருந்தது. நிலம் கல்லாகிவிட்டது. வேலையாட்கள் இரண்டு நாள் முயன்று பார்த்தார்கள். மூன்றாம் நாள் கிடங்கு வெட்டும் இயந்திரத்தைப் படங்குத் துணியால் மூடிக் கட்டிவிட்டுப் போனார்கள். பிறகு இன்னொரு கடிதம் வந்தது: நிலம் இளகியதும் வேலை தொடரும். வீட்டுக்காரர் வாசலிலேயே நின்று அதைப் படித்து, நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைப்பதை ஜன்னலால் கண்டேன்.

கீழே நாலு பேர் சுமந்து வந்த பள்ளிக்கூடத்து வார்ப்பிரும்புகள் பனிக்கட்டிபோல நின்றன. அடுப்பு இல்லை. எங்கேயோ இரவல் வாங்கிய சின்ன மின்சார ஹீற்றர் ஒன்று மட்டும் வைத்திருந்தார். அதன் விசிறி சுழல்கிற சத்தம் தரையிலிருந்த துளைவழியே எங்களுக்குக் கேட்கும். அவருடைய வானொலி கேட்கும். என்னுடைய மீன்குழம்பின் மணம் அவருக்குப் போயிருக்கும். அவர் இருமினால் எங்கள் முன்னறையிலேயே யாரோ இருமுவதுபோல் இருக்கும்.

திங்கட்கிழமை மதியம் கதவைத் தட்டினார். தபால்காரக் கோட் போட்டிருந்தார், கையில் அளவுகோல். சுவரை அளக்க வேண்டும் என்றார். அடுப்புக்கும் ஜன்னலுக்கும் இடையிலிருந்த சுவரை அளந்து ஒரு கொப்பியில் குறித்தார். அதற்கு நாற்பது நிமிடம் எடுத்தது. செவ்வாய்க்கிழமை வந்து அதே சுவரை அளந்தார். புதன்கிழமை அவர் பழுதான முழங்காலை மடித்து உட்காரக் கஷ்டப்படுவதைப் பார்த்து, "இருநூற்றுப் பதினான்கு" என்று நானே சொன்னேன். அவர் தலையாட்டி அதைக் குறித்துக்கொண்டார்.

அன்று அவர் போனபின் ஜன்னலோரம் கூட்டிக்கொண்டிருந்தேன். துளைக்குமேல் காலை வைத்தபோது கதகதப்பாக இருந்தது. குனிந்து கையை வைத்துப் பார்த்தேன். கீழேயிருந்து சூடான காற்று மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. கணவர் வந்ததும் அவரையும் கைவைத்துப் பார்க்கச் சொன்னேன்.

"இஞ்சருங்கோ, அந்த மனிசன் தன்ரை சூட்டை எங்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்குது."

அவர் கையை எடுக்காமலே கேட்டார். "அவருக்குச் சொல்லுவமோ?"

"சொன்னால் வெக்கப்படுவார்."

"அப்ப?"

"அடைச்சுவிடுவம்."

பழைய சேலையொன்றைக் கிழித்து துளைகளை இறுக்கி அடைத்தோம். அவருடைய இருமல் தூரத்துக்குப் போய்விட்டது. எங்களிடம் ஒரு அடுப்பு முழுதாக எரிந்துகொண்டிருக்க, இத்தனை நாளும் அவருடைய ஹீற்றரிலும் பாதியை வாங்கியிருக்கிறோம். அடுப்பைக் காப்பாற்றியதில் எனக்கிருந்த பெருமை அன்றோடு போயிற்று.

வியாழக்கிழமை அவர் அளவுகோலை மறந்து வந்துவிட்டார். அறைக்குள் வந்தபிறகுதான் அது இருவருக்கும் தெரிந்தது. அவர் வெறுங்கையைப் பார்த்தார். நான் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன். டெனிஷில் 'உட்கார்' என்பதற்கு நீயும் தேவையில்லை, நீங்களும் தேவையில்லை. அந்த மொழி எனக்குச் செய்த முதல் உதவி அது. அவர் உட்கார்ந்தார். இரண்டு கையையும் அடுப்புக்கு நேரே நீட்டினார். 

அதன்பிறகு நாள்தோறும் வந்தார். அந்தக் கிழமை கணவருக்குப் பின்னேர வேலை. அந்நிய ஆணோடு ஒரு அறையில் தனியே இருப்பதற்கு நான் வளர்ந்த விதத்தில் ஒரு ஒழுங்கு இருந்தது: கதவு திறந்திருக்க வேண்டும். திறந்து வைத்தேன். அவர் எழும்பிப் போய்ச் சாத்தினார். நான் தேநீர் கொண்டுவரும் சாட்டில் போய்த் திறந்தேன். அவர் நொண்டி நொண்டிப் போய்த் திரும்பவும் சாத்தி, சூடு என்பது கதவால் போய்விடும் என்று பொறுமையாக விளக்கினார். சூடு எப்படி வேலை செய்கிறதென்று தெரியாத நாட்டிலிருந்து வந்தவள் என்று எண்ணியிருப்பார். எனக்கோ காரணத்தைச் சொல்ல மொழியில்லை. இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். மூன்று நாள் இப்படி நடந்தது. சனிக்கிழமை கணவரிடம் சொன்னேன். இதை எப்படி எடுப்பாரோ என்று யோசித்து யோசித்துத்தான் சொன்னேன்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். "கதவைத் திறந்தே வைச்சனீர்?"

"ஓம்."

"இந்தக் குளிருக்கை?"

"ஓம்."

"சாத்தும். எண்ணெயெல்லோ போகுது."

அதோடு அந்த விஷயம் முடிந்தது.

அடுத்த கிழமை வீட்டுக்காரருடைய குசினிக் குழாய் உறைந்தது. பாத்திரம் கழுவவும் பல் தீட்டவும் மேலே வந்தார். சாப்பாட்டு நேரத்தில் தன் கறுத்த பாண் ரொட்டியைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து எங்கள் மேசையில் வைத்துச் சாப்பிட்டார். எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. வீட்டுக்கு வந்தவர் தன் சாப்பாட்டைத் தானே கொண்டு வருவதா? ஒரு கோப்பை சோறும் கறியும் போட்டு அவர் முன்னால் வைத்தேன். அவர் பாணை முடித்தார், அது கொண்டுவந்தது என்பதால். பிறகு சோற்றை முடித்தார், அது வைத்தது என்பதால். முகம் சிவந்து கண்ணால் தண்ணீர் வழிந்தது. "சூடு" என்றார். உறைப்பையும் அந்தச் சொல்லாலேயே சொன்னார். அன்றிலிருந்து அவருக்கு மிளகாய்த்தூள் குறைத்து ஒரு சட்டி தனியே வைத்தேன்.

இரவில் முன்னறையிலேயே படுக்கும்படி கணவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவர் கேட்கவில்லை. "இந்தத் தளம் உங்களுடையது. நான் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறேன். இங்கே படுக்க எனக்கு உரிமை இல்லை" என்றார். பகலில் உட்கார உரிமை உண்டா என்று கணவர் கேட்டார். அது விருந்தாளி, அது வேறு என்றார். ஒவ்வொரு நாளும் ஒன்பது மணிக்கு நான் இரண்டு போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பிக் கொடுப்பேன். அவற்றைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போவார்.

நாங்கள் அதிகம் பேசியதில்லை. நான் வீட்டுப்பாடம் செய்வேன், அவர் பத்திரிகை பார்ப்பார். ஒருநாள் மட்டும் பத்திரிகையை மடியில் வைத்துவிட்டு, "உனக்கு ஏழு கிழமையாகக் கடிதம் வரவில்லை" என்றார்.

நான் நிமிர்ந்தேன். ஊரில் அப்போது சண்டையால் எந்தப் பாதை எந்த நாளில் திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. அம்மாவிடமிருந்து கடிதம் வந்து எத்தனை கிழமை என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன்தான். கணவரிடம்கூட எண்ணிக்கையைச் சொன்னதில்லை. இவர் எப்படி?

"தபாலகத்தில் விசாரித்தேன். உன் பெயருக்கு இங்கே ஒன்றும் தங்கி நிற்கவில்லை. கொழும்பிலிருந்து வருகிற பையே தாமதம் என்கிறார்கள்" என்றார். பிறகு, "காணாமல் போகவில்லை. தாமதம். இரண்டும் ஒன்றல்ல" என்றார்.

எத்தனை தரம் போனீர்கள் என்று கேட்டேன். சில தரம் என்றார். தபாலகம் நடந்து போக இருபது நிமிடம். அவருடைய காலுக்கு அதற்கும் மேலே. தெரு முழுக்கப் பனிக்கட்டி. அந்தப் பின்னேரம் நான் குசினிக்குள் போய், தேவையில்லாமல் ஒரு வெங்காயத்தை வெட்டினேன்.

பெப்ரவரி நடுவில் ஒரு காலை, மொழிப் பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். படியில் அவருடைய காலடி கேட்டது: நல்ல கால், பழுதான கால், நல்ல கால். புதிய தபால்காரர் வாசல் படலையடியில் வந்தபோதே மறித்து வாங்கியிருக்கிறார். கதவு திறந்ததும் நிமிர்ந்து நின்று, வேலையில் இருப்பவர்போல, "மூன்று கடிதம்" என்று நீட்டினார். நான் வாங்கியதும் திரும்பி இறங்கிவிட்டார். நான் வாசிக்கிறபோது பக்கத்தில் நிற்கக் கூடாது என்பது அவருடைய தொழில் ஒழுங்கு. மூன்றும் அம்மாவுடையவை. எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். இரண்டாவது கடிதத்தில், வீட்டுக்கு ரேடியேட்டர் வருகிறது என்று எழுதியிருந்தாயே, லொறி வாங்குகிற அளவுக்கு மாப்பிள்ளைக்கு ஏது காசு என்று கேட்டிருந்தார். அன்று நான் பள்ளிக்குப் போகவில்லை. கீழே போய்க் கதவைத் தட்டி, "எல்லோரும் சுகம்" என்று சொன்னேன். "நல்லது" என்றார்.

மாதக் கடைசியில் மழை பெய்தது. நிலம் இளகியது. இயந்திரத்தின் படங்கை அவிழ்த்தார்கள். மூன்று வீட்டைத் தாண்டிக் கிடங்கு எங்கள் படலைக்கு வந்தது. ஸ்மெத் இரண்டு நாள் நின்று குழாய் பொருத்தினார். அடைத்திருந்த சேலைத் துண்டுகளை உருவி எடுத்து, இது என்ன துணி, நல்ல வலுவாக இருக்கிறதே என்று கேட்டார். பருத்தி என்றேன்.

தண்ணீர் திறந்த நாளில் நாங்கள் எல்லோரும் நின்றோம். ஓய்வு நாள் என்பதால் கணவர் வெள்ளைச் சேட் போட்டிருந்தார். கீழே பள்ளிக்கூடத்து இரும்புகள் பத்து நிமிடத்தில் சூடேறின. மேலே எங்கள் புதிய இரட்டைத் தட்டு பாதி வரைதான் சூடாயிற்று. மேற்பாதி பிணம்போல் குளிர்ந்து கிடந்தது. கணவர் என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன்.

"காற்று" என்றார் ஸ்மெத். "தண்ணீர் உள்ளே வரும்போது காற்று மேலே ஏறி அடைத்துக்கொள்ளும். அதை வெளியே விட வேண்டும்." சட்டைப்பையிலிருந்து சாவி போன்ற ஒரு சின்னத் திறப்பை எடுத்தார். தட்டின் மேல்மூலையில் ஒரு சின்னத் திருகாணி இருந்தது. கணவர் தானே திறக்கிறேன் என்று வாங்கினார். ஒரு பாத்திரம் பிடியுங்கள் என்று ஸ்மெத் சொன்னார். கணவருக்கு அதற்குப் பொறுமையில்லை. திருகினார். முதலில் பாம்பு சீறுவதுபோல் காற்று வந்தது. பிறகு நின்றது. பிறகு கறுத்த, நாற்றமடிக்கும் தண்ணீர் அவருடைய சேட்டில் கோடு போட்டது. வீட்டுக்காரர் திரும்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அவருடைய தோள் குலுங்கியது. நாங்கள் குடிவந்து பதினைந்து மாதத்தில் அவர் சிரிப்பதை அன்றுதான் கண்டேன், அதுவும் முதுகுப் பக்கமாக.

தட்டு மேல்வரை சூடாயிற்று. கைவைக்க முடியவில்லை. ஆனாலும் அடுப்பை ஒரு கிழமை விட்டு வைக்கச் சொன்னேன். இந்த முறை வீட்டுக்காரர் மறுக்கவில்லை. "இரண்டு கிழமை இருக்கட்டும்" என்றார்.

மறுநாள் அவர் மேலே வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கீழே சூடு இருந்தது, குழாய் ஓடியது, வருவதற்கு ஒரு காரணமும் இல்லை. நான் மிளகாய்த்தூள் குறைத்து வைத்த சட்டி இரண்டு நாள் அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் கணவர் அதைப் பார்த்து, "இதை ஆர் தின்னுறது?" என்றார். பிறகு தானே கோப்பையில் போட்டு, மூடி, கீழே கொண்டுபோனார். திரும்பி வர ஒரு மணித்தியாலம் ஆயிற்று. என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். வார்ப்பிரும்பைப் பற்றி என்றார். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு மூன்று பேருக்கு என்று ஆகியது. யாரும் அழைத்ததாகவோ ஒப்புக்கொண்டதாகவோ நினைவில்லை.

அடுப்பு மார்ச்சில் போனது. அறை இருபத்தைந்து டிகிரியில் நின்றது. நான் வீட்டுக்குள் கம்பளிச் சட்டை போடாமல் திரிந்தேன். துணிகள் முறைவைத்து ரேடியேட்டரில் படுத்தன. அப்போதுதான் வீட்டுக்காரருக்கும் எனக்கும் உண்மையான சண்டை தொடங்கியது. ஒரு காலை அவர் தோட்டத்தில் நின்று அண்ணாந்து பார்த்து, "உன் ஜன்னல்களை ஏன் திறப்பதேயில்லை?" என்று கேட்டார்.

"ஏன் திறக்க வேண்டும்?"

"காற்று மாற. ஒவ்வொரு காலையும் பத்து நிமிடம். எல்லா ஜன்னலும்."

வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. அவருடைய தளத்தில் எல்லா ஜன்னல்களும் அகலத் திறந்திருந்தன. ஆறு கிழமை கோட்டோடு உறங்கியவர், நிலம் இளகக் காத்திருந்தவர், வார்ப்பிரும்பு கொண்டுவந்து சூடேற்றிய அதே அறைக்குள் பனிக்காற்றை விட்டுக்கொண்டு சட்டைக் கையை மடித்துவிட்டு நின்றார்.

"அப்படியென்றால் நீ ரேடியேட்டர் எதற்குப் போட்டாய்?" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் அவரை 'நீ' என்று சொல்லியிருக்கிறேன் என்று தெரிந்தது. அவர் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஜன்னலைத் திறப்பதற்குத்தான்" என்றார்.

நாலு வருடம் கழித்து நாங்கள் வீடு மாறும்வரை அந்தச் சண்டை தீரவில்லை. கணவர் இருவருக்கும் நடுவில் நின்று, ஒரு ஜன்னல், ஐந்து நிமிடம் என்று ஒரு ஒப்பந்தம் செய்து பார்த்தார். நான் மூன்று நிமிடத்தில் சாத்திவிடுவேன். கீழேயிருந்து அவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.